அனுபோக பாத்தியதை

உத்திரமேரூரில் பத்திர எழுத்தராக உட்கார்ந்து, சுற்றுவட்டாரத்து நன்செய் புன்செய்களையும் மனைக்கட்டுகளையும் நான்கெல்லை பிசகாமல் கைமாற்றிக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது' என்ற வாசகத்தை எத்தனை முத்திரைத்தாளில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கு வழக்கில்லை. அப்பேர்ப்பட்டவனுடைய பூர்வீக வீடு, முத்திரைத்தாள் இல்லாமலும், சாட்சிக் கையெழுத்து இல்லாமலும், சார்பதிவாளர் முன்னிலையில் ஒரு பெருவிரல் ரேகைகூட வைக்கப்படாமலும், மூன்று முயல்களுடைய சுவாதீனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்னியருடைய சொத்தைப் பன்னிரண்டு வருஷம் தடையின்றி எதிரிடையாக அனுபவித்து வந்தவனிடமிருந்து அதை மீட்க முடியாது என்பது 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் ஏற்பாடு. வீட்டில் வளர்கிற முயலோ, எவ்வளவு சிரத்தையாகப் பராமரித்தாலும், பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து வருஷத்துக்குள் காலகதி அடைந்துவிடுகிறது. ஆகையால் சட்டப்படி நமக்கு யாதொரு பங்கமும் இல்லை என்று என் மனைவிக்கு நான் சமாதானம் சொன்னேன். "அந்தச் சட்டத்தை அதுங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள் அவள், ஊஞ்சல் பலகைக்கு அடியிலிருந்து தன் செருப்பின் மிச்சத்தை வெளியே இழுத்தபடி.

இந்த அனுபோகம் தொடங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் என் தங்கை மகள், பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பழைய மேஜை வாங்கப் போனவள், மேஜையை விட்டுவிட்டு உள்ளங்கையளவில் இரண்டு வெள்ளை முயல் குட்டிகளை வாங்கிக்கொண்டு திரும்பினாள். ஊசி முதல் உபயோகமற்ற ரயில்பெட்டி விசிறி வரை கிடைக்கிற அந்தச் சந்தையில், கிளிக்கும் புறாவுக்கும் பக்கத்தில் கூடை வைத்திருந்த வியாபாரி, இவை இதற்கு மேல் வளராத ஜாதி என்றும், இரண்டுமே பெட்டை என்றும் தாயின் மேல் ஆணையிட்டுச் சொன்னானாம். மூன்று மாதத்தில் இரண்டும் பூனையின் பருமனைத் தாண்டின. வீட்டுச் சொந்தக்காரர் நோட்டீஸ் கொடுத்தார். "மாமா, கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுல இருக்கட்டும், உங்களுக்குத்தான் தோட்டம் இருக்கே" என்று அவள் கூடையோடு வந்து இறங்கியபோது, 'கொஞ்ச நாள்' என்ற சொல்லுக்குத் தேதி குறிப்பிடாத ஒப்பந்தம் செல்லாது என்று தொழில்முறையில் நான் ஆட்சேபித்திருக்க வேண்டும். கூடைக்குள்ளிருந்து ஒரு மூக்கு, நிமிஷத்துக்கு நூறு தரம் துடித்துக்கொண்டு, என்னைப் பரிசீலனை செய்துகொண்டிருந்தது. ஆட்சேபணை தாக்கலாகவில்லை.

இரண்டும் பெட்டை என்ற பிரமாணம் பொய்த்த விவரத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை. முயலுக்குக் கர்ப்ப காலம் முப்பத்தொரு நாள். ஒரு விடியற்காலையில் அந்தப் பெட்டை தன் மார்பு ரோமத்தைத் தானே பிடுங்கிக் கோணி மூலையில் மெத்தை போட்டு, அதற்குள் மயிரில்லாமல், கண் திறக்காமல், விரல் நீளத்தில் ஒரு குவியலை வைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் எதிர் மூலையில் போய் உட்கார்ந்திருந்தது. நாளைக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ, சில நிமிஷங்கள் மட்டுமே பால் கொடுப்பது முயலின் சுபாவம். மோப்பம் பிடித்து வருகிற நரிக்கும் கீரிக்கும் குட்டியின் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுக்காமலிருக்க இயற்கை செய்துவைத்த உபாயம் அது. இது தெரியாமல் என் மனைவி அந்தத் தாயை இரண்டு நாள் வாய்க்கு வந்தபடி வைது தீர்த்தாள். நம் ஏரிக்கரைப் புதர்களில் பாய்கிற காட்டு முயலின் வம்சமே வேறு: அது வளை தோண்டாது, அதன் குட்டி மயிரோடும் விழித்த கண்ணோடும் பிறக்கும், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு. வீட்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் தேசங்கள். வளை தோண்டுவதும் வம்சம் பெருக்குவதும் அதன் குலத்தொழில். 1859-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் தாமஸ் ஆஸ்டின் என்ற கனவான் வேட்டை விநோதத்துக்காக இங்கிலாந்திலிருந்து இரண்டு டஜன் முயல்களை ஆஸ்திரேலியாவுக்குத் தருவித்ததும், அரை நூற்றாண்டுக்குள் அவற்றின் சந்ததியைத் தடுக்க அந்த நாட்டார் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி போட வேண்டி வந்ததும் சரித்திரம். அந்தச் சரித்திரத்தை என் கொல்லையில் மறுபதிப்புச் செய்ய விருப்பமில்லாததால், குட்டிகளைத் தக்க இடங்களில் தானம் செய்துவிட்டு, ஆண் முயலுக்குப் பட்டணத்தில் குடும்பக் கட்டுப்பாடு செய்வித்தேன். தக்க இடம் கிடைப்பதுதான் எளிதாக இல்லை. குட்டி கேட்டு வந்த ஒருவர், பரம சாதுவாகத் தோன்றியவர், கையில் எடுத்து முதுகைத் தடவி, "இதுக்கு மிளகு கொஞ்சம் தூக்கலா போடணும்" என்றார்.

முயல் ஒரு வஸ்துவைத் தன்னுடையதென்று பதிவு செய்துகொள்ளும் முறை எங்கள் அலுவலக நடைமுறையைவிடச் சுருக்கமானது. அதன் மோவாய்க்கு அடியில் வாசனைச் சுரப்பி ஒன்றுண்டு. மனித மூக்குக்கு எட்டாத அந்த வாசனையை, மோவாயைப் பொருளின் மீது ஒரு தரம் தேய்த்துப் பூசிவிட்டால் சொத்து மாறிவிட்டது என்று அர்த்தம். அரிசி டிரம், கட்டில் கால், இன்வெர்ட்டர் பெட்டி, துவைத்து வைத்த வேஷ்டி, நடுக்கூடத்தில் நான் உட்கார்ந்து எழுதுகிற சாய்வு மேஜை, அதன் முன்னால் நீட்டியிருந்த என் கால் பெருவிரல் என்று வரிசையாகச் செக்குபந்தி அளந்து கொண்டன. பதிவுக்குப் பின் பராமரிப்பு. முயலின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருப்பது அதற்குத் தேக தர்மம். மின்சார ஒயரை அது வேர் என்று எண்ணிக் கடிப்பதாக விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் வேர், கைப்பேசியின் வேர், மாவரைக்கும் யந்திரத்தின் வேர் ஆகிய சகல வேர்களும் அறுபட்ட பிறகு, மிச்சமிருந்தவற்றைத் தோட்டத்துப் பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து மூடினேன். பாம்புப் பஞ்சாங்கத்தைப் பரண்மேல் வைத்தேன்.

ஆனால் பட்டுப்புடவை விவகாரம் அப்படி லேசில் முடியவில்லை. என் மனைவியின் முகூர்த்தப் புடவை, அரக்கு உடலும் மயில்கழுத்து முந்தானையுமாக, ஆடி மாதத்து வெயிலில் காயட்டும் என்று கொடியில் போடப்பட்டிருந்தது. தொங்கிய பாகத்தைப் பெட்டை முயல் எட்டிப் பிடித்திருக்கிறது. நிசப்தமாகிவிட்ட வீட்டிலிருந்து நான் புடவையை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு ஓடி, பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவர் முன் விரித்தேன். காஞ்சிப் பட்டில் உடலின் பாவு முடிகிற இடத்தில் வேறு நிற முந்தானையின் பாவை இழைக்கு இழை கோத்து இணைப்பதற்குப் பெட்னி என்று பெயர். உண்மையான கைத்தறி என்பதற்கு அந்த இணைப்புக் கோடே அத்தாட்சி. அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "சார், ஓரத்தையும் தொடலை, உடலையும் தொடலை. சரியா பெட்னியிலேயே கை வெச்சிருக்கு. தறியில உக்காந்தவனுக்குத்தான் இந்த எடம் தெரியும்" என்றார், பிரமிப்போடு. இந்த ரசிக வார்த்தையை வீட்டில் வந்து அப்படியே சமர்ப்பித்ததால் நிலைமை சீர்ப்பட்டதென்று சொல்ல முடியாது.

மூன்றாவது முயல் வந்தது ஒரு முறிந்த வியாபாரத்தின் கடைசி ஐவேஜாக. முயல் பண்ணை வைத்தால் மாதம் பிறந்தால் பணம் என்று யாரோ சொல்லக் கேட்டு, கூண்டும் இனவிருத்தி முயல்களுமாகக் கடன் வாங்கிப் போட்ட பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர், குட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தவர்கள் கைப்பேசியை அணைத்துவிட்டு மறைந்த பிறகு, அந்த ஒப்பந்தத்தை என்னிடம் எடுத்து வந்தார். படித்துப் பார்த்தேன், எழுதியவன் என்னைவிடக் கெட்டிக்காரன், பொறுப்பு என்று ஒரு சொல் மருந்துக்குக்கூட இல்லை. முயல் வளர்ப்பே மோசமென்று இதற்கு அர்த்தமில்லை. கொடைக்கானல் மலைமேல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் கிரமமாக முயல் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. குளிர்ந்த மலையில் செழிப்பதைச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் வைத்தால் என்ன ஆகுமென்று தரகன் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆலோசனைக் கட்டணமாக அவர் வற்புறுத்திக் கொடுத்துவிட்டுப் போனது ஒரு சாம்பல் நிற முயல். ஏறக்குறைய நாலு கிலோ. ஜாதி, சோவியத் சின்சில்லா. 1991-ஆம் வருஷம் டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்துபோயிற்று. அதன் முயல் உத்திரமேரூரில் கலையாமல் உட்கார்ந்து அகத்திக்கீரை தின்றது.

மூன்றான பிறகு 'வெள்ளை, இன்னொரு வெள்ளை' என்று அழைத்துக் காலம் தள்ள முடியாதென்று தெருப் பிள்ளைகள் நாமகரணத்துக்கு நாள் குறித்தார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேர்தல் முறையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டுகளாக அது எழுதியிருக்கிறது. முப்பது குடும்புக்கும் பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிட வேண்டும். நம்பிமாரில் வயதில் மூத்தவர் குடத்தைச் சபையார் எல்லோரும் காணத் தூக்கி நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலகன் ஓலையை எடுக்க வேண்டும். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏந்தி வாங்கி வாசிக்க வேண்டும். இத்தனை ஏற்பாடும் எங்கள் கூடத்தில் வழுவாமல் நிறைவேறின. குடத்துக்கு என் மனைவியின் புளிக்குழம்புச் சட்டி. மூத்த நம்பி ஸ்தானத்துக்கு நான். பாலகனுக்கு எதிர் வீட்டு இரண்டாம் வகுப்பு. வாரியத்துக்கு நிற்பவனுக்குக் கால் வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும், வேத ஞானமும் வேண்டுமென்றும், முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனும் அவன் பந்துக்களும் கூடாதென்றும் கல்வெட்டு நிபந்தனை விதிக்கிறது. எந்த நிபந்தனைக்கும் உட்படாத மூன்று பேர் காலடியில் உட்கார்ந்து சட்டியை மோவாயால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டை முயலுக்குப் பராந்தகன் என்று வந்தது, ஆணுக்குக் குந்தவை. மாற்றலாமா என்று நான் கேட்டதற்கு, குடவோலையில் மேல்முறையீடு கிடையாது என்று மத்தியஸ்தன் தீர்ப்பளித்தான். சோவியத்துக்கு இட்லி.

போஷணை விஷயத்தில் என் தங்கை மகளுக்குப் பட்டணத்து முயல் அபிமானிகளுடைய போதனை பூரணமாக ஏறியிருந்தது. காரட் என்பது முயலுக்கு எப்போதாவது கொடுக்கிற மிட்டாயென்றும், ஆகாரத்தில் பெரும்பகுதி உலர்ந்த புல்லாகவே இருக்க வேண்டுமென்றும், நார் குறைந்தால் குடல் ஸ்தம்பித்துவிடுமென்றும் அவள் சொன்னதெல்லாம் வாஸ்தவம். அதற்காகச் சீமையிலிருந்து திமோதி என்ற புல்லை வரவழைத்து அனுப்பியதுதான் ஊரில் என் பெயரை வேறு தினுசாக ஆக்கிவிட்டது. நாற்புறமும் வைக்கோல் போர் நிற்கிற தெருவில், கூரியர் பையன் வண்டியை நிறுத்தி, "அண்ணே, உங்களுக்குப் புல்லு வந்திருக்கு!" என்று கூவுவான். பொட்டலத்தின் விலையைக் கேட்ட பால்காரர் ஒரு நிமிஷம் தன் மாடுகளை நினைத்துக்கொண்டார். இட்லி அதை முகர்ந்து பார்த்து, அதன் மேல் படுத்துக்கொண்டது. பிற்பாடு மணல்பாங்கான கொல்லையிலிருந்து வந்த காய்ந்த வேர்க்கடலைக் கொடியை ஒரு பிடி போட்டதும் மூன்றும் ஓடி வந்து, சத்தம் கேட்கும்படி மென்றன. அருகம்புல்லும், கல்யாண முருங்கை இலையும், முயல் மசாலென்றே நம்மவர் பெயர் வைத்திருக்கும் தீவனச் செடியும் கிடைக்கிற பூமியில், திமோதி இப்போது மெத்தையாக மட்டும் பயன்படுகிறது.

இட்லிக்கு வியாதி வந்தது புரட்டாசியில். இரவு நன்றாயிருந்தது, காலையில் தலை இடது தோளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்மணிகள் இடமும் வலமுமாகத் துடித்தன. எழுந்து நிற்க முயன்றால் உடம்பு முழுவதும் உருண்டு சுவரில் மோதும். எங்கள் தெருவில் இன்னும் மிஞ்சியிருக்கிற ஒரே கம்யூனிஸ்டுத் தோழர் வந்து பார்த்து, சோவியத் முயல் இடதுசாரியாகச் சாய்ந்திருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று முதலில் பரிகாசம் செய்தார். பிறகு அது உருண்டதைப் பார்த்ததும் சால்வையை மடித்து அதன் விலாவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கால்நடை மருந்தகத்து டாக்டர் மாட்டுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்த கையைக் கழுவிக்கொண்டு வந்து, நிதானமாகச் சோதித்து, வேப்பேரியில் உள்ள தம் சகாவோடு தொலைபேசியில் பேசி, இது காதுக்குள் சீழ் வைத்ததாகவும் இருக்கலாம், மூளையைத் தாக்கும் நுண்ணுயிராகவும் இருக்கலாம், அங்கே காட்டிவிடுங்கள் என்று நேர்மையாகச் சொன்னார்.

1903-ஆம் வருஷத்திலிருந்து நடந்துவரும் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நாலு கிலோ முயலோடு யாத்திரை போவதென்றால், செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து எழும்பூருக்கு மின்சார ரயில், அப்புறம் ஆட்டோ. மூங்கில் கூடையில் துண்டுகளால் அணை கட்டி இட்லியை மடியில் வைத்துக்கொண்டேன். சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறிய ஒரு பெரியவர் கூடையைத் திறந்து பார்த்தார்.

"கறிக்கா சார்?"

"இல்லீங்க. வைத்தியத்துக்கு."

அவர் முகம் மலர்ந்தது. பெட்டி முழுவதும் மலர்ந்தது. முயல் ரத்தத்தில் காய்ச்சிய எண்ணெய் தேய்த்தால் வழுக்கையிலும் முடி முளைக்கும் என்ற நம்பிக்கை நம் தேசத்தில் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதைக் கூடுவாஞ்சேரிக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் நான் அறிந்துகொண்டேன். ஒருவர் சேர்க்க வேண்டிய மூலிகைகளை வரிசைப்படுத்தினார்; ஒருவர் தம் மைத்துனருக்குப் பலித்ததாகச் சாட்சியம் சொன்னார்; என் தலையை ஒரு தரம் நோக்கிவிட்டு, "ஒரு முயல் போதாது" என்றார் இன்னொருவர், இரக்கத்தோடு. வைத்தியம் முயலுக்குத்தான் என்று நான் விளக்கியபோது விழுந்த மௌனம் எழும்பூர் வரை நீடித்தது.

காதுக்குள் விளக்குப் போட்டுப் பார்த்த வேப்பேரி டாக்டர், காது சுத்தமாயிருக்கிறதென்றும், சந்தேகம் நுண்ணுயிரின் மேல்தானென்றும் சொல்லி, அதன் பெயரை எழுதினார்: என்செபாலிட்டோசூன் குனிக்குலி. 1922-ஆம் வருஷத்தில் வாதம் கண்ட முயல்களிடம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட கிருமி. பல முயல்களின் உடம்பில் ஒன்றும் செய்யாமலே குடியிருந்து, என்றோ ஒருநாள் எழுந்து உபத்திரவம் தருவது. மருந்து பென்பெண்டசோல் என்ற திரவம், இருபத்தெட்டு நாள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடற்புழு நீங்கக் கொடுக்கிற மருந்துதானாம் அது. எங்களூர் மருந்தகத்து அலமாரியில் எருமை அளவில் இருந்தது, முயல் அளவுக்குச் சுருக்குவதற்கு மூளை வேண்டியிருந்தது. பென்சிலின் வகையைச் சேர்ந்த மருந்து எதையும் வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள், குடலிலுள்ள நல்ல கிருமிகள் செத்து முயலும் சாகும் என்று டாக்டர் இருமுறை எச்சரித்தார்.

பிரதி தினமும் காலையில், துண்டால் இறுகச் சுற்றிய இட்லியை என் மனைவி மடியில் பிடித்துக்கொள்ள, ஊசியில்லாத சிரிஞ்சை நான் கடைவாயில் நுழைக்க, மருந்தில் பாதி அதன் வயிற்றுக்கும் பாதி என் சட்டைக்குமாகப் பங்கீடு நடந்தது. தரையைப் பார்த்த கண்ணில் புண் வராமலிருக்கச் சொட்டு மருந்து. உருளாமலிருக்கச் சுற்றிலும் தலையணை. புடவையின் காரணமாக முயல் ஜாதியோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளாதிருந்த என் மனைவி, கொத்தமல்லித் தழையை ஒவ்வொரு காம்பாக அதன் சாய்ந்த வாய்க்கு நேரே தன் கையையும் சாய்த்துப் பிடித்து ஊட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டேன், கேட்டால் நிறுத்திவிடுவாள்.

முயலின் பெரிய சங்கடம், அது நோயைச் சொல்லாது. நாய் முனகும், பூனை கத்தும். எல்லா மிருகத்துக்கும் இரையாகப் பிறந்த முயலுக்கோ, பலவீனம் வெளியே தெரிந்தால் அன்றே முடிவு என்பது பரம்பரைப் பாடம். ஆகவே சாகக் கிடந்தாலும் சௌக்கியமாயிருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும். வாந்தியெடுக்கவும் அதற்குச் சக்தியில்லை. அரை நாள் தின்னாமலிருந்தால் குடல் நின்றுவிடும். ஆக, உள்ளே நடப்பதை அறிய மனிதனுக்கு இருக்கிற ஒரே ஆவணம் அதன் புழுக்கைதான். அதிலும் இரண்டு தினுசு: பகலில் உருண்டையாகக் கெட்டியாக விழுவது ஒன்று, இரவில் திராட்சைக் கொத்துபோல் மெத்தென்று வருவது ஒன்று. பின்னதை முயல் குனிந்து நேரே வாயில் வாங்கி விழுங்கிவிடும். முதல் தரம் ஜீரணமாகாத சத்து இரண்டாவது தரத்தில் சேரும். அது கீழே கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். படித்தவன், நாலு பேருக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தவன், விடியற்காலையில் கைவிளக்கோடு மண்டியிட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். எங்கள் சம்பந்தி வீட்டார் முதன்முதலாகப் பொங்கல் வரிசைப் பேச்சுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் தாம்பரத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"மாமா, போயிடுச்சா?"

"போயிடுச்சும்மா. காலையிலேயே போயிடுச்சு."

"எவ்வளவு பெரிசு?"

"பட்டாணி அளவு. ஒரே சீரா இருக்கு. எனக்கே சந்தோஷமா இருக்கு."

சம்பந்தி அம்மாள் கையிலிருந்த காப்பி டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்தார். எனக்கு வயதாகிவிட்டது, தாங்கள்தான் அனுசரித்துப் போக வேண்டும் என்று போகும்போது அவர் என் மனைவியிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

சந்திரனில் முயல் இருப்பதாக நாமும் நம்புகிறோம், சீனரும் நம்புகிறார்கள். 2013-ஆம் வருஷம் டிசம்பரில் சீனர் சந்திரனில் இறக்கிய ஊர்திக்கு பச்சைக்கல் முயல் என்ற பொருளில் யூது என்று பெயர். மறு மாதமே அதற்கு வாதம் கண்டு கால் நகராமல் போயிற்று, உலகமே அனுதாபப்பட்டது. மூன்று மாதம் உழைக்கச் செய்த அந்த வண்டி, இருந்த இடத்தில் இருந்தபடியே 2016 வரை சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தச் செய்தியை நான் வீட்டில் வாசித்தபோது என் மனைவி, "அங்க யாரு அதுக்கு மருந்து குடுத்தா?" என்று கேட்டாள்.

மருந்து முடிந்தபோது இட்லி உருளுவது நின்றிருந்தது. தலை நிமிர்ந்ததா என்பதில்தான் எனக்கும் என் மனைவிக்கும் அபிப்பிராய பேதம். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நானும், இல்லை இரண்டுதான் என்று அவளும் வாதாடிய பின், எதிர் வீட்டுப் பையனின் அண்ணன் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து வந்து அதன் மூக்குக்கு நேரே பிடித்தான். முதல் வாரத்தில் ஏறக்குறையச் செங்கோணமாயிருந்த சாய்வு முப்பது பாகைக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. இனி அவ்வளவுதான் என்றார் டாக்டர்; பல முயல்கள் இப்படியே சுகமாக ஆயுசைக் கழிக்கும் என்றும் சொன்னார். எதைப் பார்த்தாலும் 'அப்படியா சங்கதி?' என்று சந்தேகத்தோடு விசாரிக்கிற பார்வை அதற்கு நிரந்தரமாகிவிட்டது. பாகப்பிரிவினைக்கு வந்து என் மேஜை முன்னால் உட்காருகிற அண்ணன் தம்பிகள், அந்தப் பார்வைக்கு எதிரில் பொய் சொல்லச் சற்றே கூச்சப்படுகிறார்கள். தெருப் பிள்ளைகள் அதற்கு மத்தியஸ்தர் என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்த மத்தியஸ்தர் நம் நாட்டுக்குப் புதிதல்ல.

கத்திரி வெயிலில்தான் மறுபடி கவலை. முயலுக்கு வியர்வை கிடையாது. உஷ்ணம் வெளியேறுவது முக்கியமாகக் காதின் ரத்தக் குழாய்களின் வழியாக. முப்பது டிகிரியைத் தாண்டினாலே அதற்கு அவஸ்தை, எங்கள் பக்கத்திலோ நாற்பது சர்வ சாதாரணம். காவி பூசிய கூடத்துத் தரையில் தண்ணீர் தெளித்து, ஜன்னலில் ஈரக் கோணி தொங்கவிட்டு, உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தால், பராந்தகனும் குந்தவையும் மத்தியஸ்தரும் அதைச் சுற்றி நீட்டிப் படுத்துவிடுவார்கள். மின்விசிறிக்கு நேர்கீழ் இடம் அவர்களுடையது. நாங்கள் நடைவழியில் படுக்கிறோம்.

சென்ற மாசியில் ஒருநாள் வாசற்கதவு திறந்திருந்த சமயம், தெருநாய் ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. பராந்தகனும் குந்தவையும் பின்னங்காலால் தரையை ஓங்கி அறைந்து அபாய அறிவிப்புக் கொடுத்துவிட்டு, ராஜ குலத்துக்குரிய துரிதத்தோடு கட்டிலுக்கடியில் மறைந்தார்கள். இட்லிக்கு நேராக ஓடத் தெரியாது. வியாதிக்குப் பிறகு அதற்குப் பயந்தாலும் வட்டமாகத்தான் ஓட வரும். அது பெரிய வட்டமொன்று எடுத்து ஓட, வட்டத்தின் எல்லை வாசற்படியைத் தொட, நாலு கிலோ சாம்பல் நிற மாமிசம் தலையைச் சாய்த்துக்கொண்டு தன்னை நோக்கிப் பாய்வதைக் கண்ட நாய், இப்படிப்பட்ட சத்துருவைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை போலும், வாலை இடுக்கிக்கொண்டு தெருமுனை வரை திரும்பிப் பாராமல் ஓடிற்று. முயல் நாயை விரட்டிய மண் வீர மண் என்று பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கட்டபொம்மன் வம்சத்தார் அதைப் பார்த்துத்தான் அங்கே கோட்டை கட்டினார்களாம். அந்நேரம் ஒரு கிரயப் பத்திரத்துக்கு வரைவு கேட்டு என் திண்ணையில் உட்கார்ந்திருந்த மனைத் தரகர், துள்ளி எழுந்தார். ஊருக்கு வெளியே ஏரிப் பாசனத்து நன்செய்யைப் பிளாட் போட்டு விற்கப் போகிறவர் அவர்.

"சார், இதை நோட்டீஸ்ல போட்டுடலாம். 'நாயை முயல் விரட்டிய வீர பூமியில் வீட்டு மனைகள்'. முயலோட போட்டோ ஒண்ணு. தலை நேரா இருக்கிற மாதிரி கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்."

"நாய் ஓடினது எங்க வாசல்ல. உங்க மனை மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கு."

"ஒரே கிராம எல்லை தானே சார்."

உள்ளேயிருந்து என் மனைவி இட்லியை வாரியெடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "முயல் அங்கீகாரம் குடுத்துடுச்சு, சரி. டி.டி.சி.பி. அங்கீகாரம் வாங்கியாச்சா?" என்றாள். தரகர் என்னைப் பார்த்தார். பிறகு இட்லியைப் பார்த்தார். இட்லி முப்பது பாகையில் தலையைச் சாய்த்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டார்.